ஸ்ட்ரைக்குக்கு ஓம் போட்டா ஸ்ட்ரைக் இல்லையாம்

போன மாசி மாசம் ஒருநாள் விடிய அஞ்சரைக்கு போன் அடிக்குது. அந்த நேரம் போன் அடிச்சா எங்கட வீட்டுல முதல்ல நெஞ்சுதான் இடிக்கும், ஆருக்கு என்ன நடந்ததோ எண்டு. பார்த்தா அக்காட மூத்தவள், டொரண்டோவில இருந்து, அவளுக்கு அங்க இன்னும் முதல்நாள் இரவு ஏழு மணி. "சின்னம்மா, ஒழும்பிட்டீங்களா? ஒண்டு கேக்கோணும், அம்மாட்ட சொல்லிப்போடாதீங்க" எண்டாள். அம்மாட்ட சொல்லாதீங்க எண்டு தொடங்கினா கலியாணக் கதையா இருக்கும் இல்லாட்டி காசுக் கதையா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு தேத்தண்ணிக்கு அடுப்பப் பத்த வச்சன். ரெண்டும் இல்ல. ஸ்ட்ரைக்.

அவள் அங்க ஒரு பல்கலைக்கழகத்துல பிஎச்டி செய்யுறாள், எது எண்டு எழுதமாட்டன், அவள்ட பிழைப்பு. படிச்சுக்கொண்டே முதலாம் வருஷப் புள்ளைகளுக்கு டியூட்டோரியல் எடுக்கிறது பேப்பர் திருத்துறது எல்லாம் செய்யுறாள், அதுக்கு டி.ஏ. எண்டு பேர். அந்த டி.ஏ.மாருக்கு ஒரு யூனியன், யூனியனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில ஒரு கொன்ட்ராக்ட், அது முடிஞ்சு போச்சு, புதுசுக்கான பேச்சுவார்த்தை மாசக்கணக்கா இழுபடுது, இப்ப யூனியன் ஒரு லிங்க் அனுப்பியிருக்கு, ஸ்ட்ரைக்குக்கு ஓமா இல்லையா எண்டு வோட் போடச் சொல்லி. "நான் ஓம் எண்டு போட்டா நாளைக்கே பனிக்குள்ள ரோட்டுல நிக்கோணுமா? விசாவுக்கு ஒண்டும் வராதா? நீங்க எத்தின ஸ்ட்ரைக் கண்டிருப்பீங்க, சொல்லுங்க சின்னம்மா."

கண்டனான்தான். 20 வருஷத்துக்கு மேல கல்விசாரா ஊழியரா, அதிலயும் பரீட்சைக் கிளையில, கதிரை தேய்ச்சாச்சு. (நான் வேலை செய்யுற இடத்துட பேரும் இஞ்ச வராது, மட்டக்களப்புல எனக்கு இன்னும் ஓய்வூதிய வயசு வரல்ல.) அடையாள வேலைநிறுத்தம், சட்டப்படி வேலை, சுகவீன லீவுப் போராட்டம், தொடர் பணிப்பகிஷ்கரிப்பு எண்டு எங்கட நாட்டுல இருக்கிற வகை எல்லாத்துலயும் நிண்டிருக்கன். ஆனா அண்டைக்கு அவள் கேட்டதுக்கு எனக்கு மறுமொழி தெரியல்ல. ஏனெண்டா இத்தின ஸ்ட்ரைக்லயும் நான் ஒருநாளும் வோட் போட்டதில்ல, கை தூக்கினதுதான்.

கை தூக்கிறது எப்பிடி எண்டு தெரியாத ஆக்களுக்கு சொல்லுறன். பின்னேரம் ரெண்டு மணிக்கு பொதுக்கூட்டம் எண்டு நோட்டிஸ் ஒட்டுவாங்க. மண்டபத்துல நாலு ஃபேன், ரெண்டு சுத்தும் ரெண்டு சுத்தாது. கொழும்புல இருந்து வந்த தோழர் சிங்களத்துல அரைமணித்தியாலம் கதைப்பார், எங்கட ஆள் ஒருத்தர் அத தமிழ்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிப்பார், மிச்சம் இருவத்தஞ்சு நிமிஷத்துல என்ன இருந்த எண்டு இண்டைக்கும் தெரியா. கடைசியா தலைவர் எழும்பி "ஆதரவான ஆக்கள் கையத் தூக்குங்க" எண்டுவார். முன்வரிசை முழுக்க கை. பின்வரிசைல இருக்கிற நாங்க முன்னால பார்ப்பம், பக்கத்துல பார்ப்பம், மறுகா மெல்லத் தூக்குவம். "எதிரான ஆக்கள்?" எண்டு கேட்டு மூச்சு விட முதலே "ஏகமனதா நிறைவேறிச்சு" எண்டுருவார், கை தட்டுவம், கேக்கும் தேத்தண்ணியும் குடுப்பாங்க, வீட்ட போவம். ஒருக்கா எனக்குப் பக்கத்துல இருந்த மனிசி, புருஷன் இல்ல, ரெண்டு புள்ளைகள், லோனும் கட்டுறா, அவ கைய முழங்கை அளவுக்குத் தூக்கினா, மேல தூக்கவும் இல்ல கீழ போடவும் இல்ல. அந்தக் கைய தலைவர் என்னெண்டு எண்ணினாரோ தெரியா.

அப்பா இருந்திருந்தா அந்த மனிசிக்குத்தான் ஞாயம் சொல்லியிருப்பார். அவரும் அரசாங்க கிளார்க். 1980 ஜூலை ஸ்ட்ரைக்கில நாடு முழுக்க 40 ஆயிரம் பேர் அளவுல வேலை இழந்தாங்களே, ஜே.ஆர். ஜெயவர்த்தன காலத்துல, அத அவர் சாகும் வரைக்கும் மறக்கல்ல. "கூட்டத்துல கையத் தூக்கேக்க பின்னால ஒருத்தன் பேரெழுதிக்கொண்டிருப்பான் புள்ள" எண்டுவார். நாங்க சிரிப்பம்.

சரி, மகளுக்கு சாமமும் தெரியாது நேரமும் தெரியாது எண்டு அக்கா புலம்புற மாதிரி அவள் அந்தக் கிழமை முழுக்க விடியவிடிய கோல் எடுத்தாள், யூனியன் அனுப்பின பி.டி.எஃப் எல்லாத்தையும் எனக்கும் அனுப்பினாள். பரீட்சைக் கிளை ஆள் நான், விதிகள் எண்டு தலைப்பு போட்டா பழைய பேப்பரையும் வாசிப்பன். ரெண்டு நாள் குந்தியிருந்து வாசிச்சன், மகன்ட உதவியோட. வாசிச்சதும் முதல்ல விளங்கினது, அவள் கேட்ட கேள்வியே பிழை. ஓம் போட்டா நாளைக்கு ஸ்ட்ரைக் இல்ல.

அங்க ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டப்படி, கொன்ட்ராக்ட் நடப்புல இருக்கிற காலத்துல ஸ்ட்ரைக் செய்யவே ஏலா. அது முடிஞ்சிருக்கோணும். முடிஞ்சாலும் உடன இறங்கேலா, அரசாங்கம் ஒரு சமரச அதிகாரிய அனுப்பும், அவர் ரெண்டு பக்கத்தையும் வச்சுக் கதைப்பார், சரிவரல்ல எண்டா இனி நாங்க இதுல ஒண்டும் செய்யப்போறதில்ல எண்டு அமைச்சு ஒரு காயிதம் குடுக்கும், அது வெளியாகி 17வது நாள்தான் சட்டப்படி ஸ்ட்ரைக் செய்யலாம். இதுக்கிடையில யூனியன் தன்ட ஆக்கள்ட்ட வோட் எடுக்கோணும். கொன்ட்ராக்ட் முடியுறதுக்கு முந்தின 30 நாளுக்குள்ள எடுக்கலாம், இல்லாட்டி முடிஞ்சாப்பிறகு எப்பவும் எடுக்கலாம். ரகசிய வாக்கா இருக்கோணும், போட்ட ஆக்கள்ல பாதிக்கு மேல ஓம் சொல்லியிருக்கோணும். இன்னொண்டு எனக்கு நல்லாப் பிடிச்சது, யூனியன்ல அங்கத்தவரா சேராத ஆளா இருந்தாலும் அந்தக் கொன்ட்ராக்டுக்குக் கீழ வேலை செய்யுறவர் எண்டா அவருக்கும் வோட் இருக்கு. எங்கட கூட்டத்துல சந்தா கட்டாத ஆள் வந்தா வாசல்லயே பார்ப்பாங்க ஒரு பார்வை.

ஆக இந்த வோட் எண்டுறது மேசைல இருந்து பேசுற நாலஞ்சு பேருட கையில ஒரு தடியக் குடுத்து விடுறது. அடிக்கச் சொல்லிக் குடுக்கிறதில்ல. வயல் காவலுக்குப் போற ஆள் கையில பொல்லுக் கொண்டு போறது யானைக்கு அடிக்கவா, அவர்ட கையில ஒண்டு இருக்கு எண்டு காட்டத்தான். (யானைக்கு அது விளங்குதோ இல்லையோ. எங்கட படுவான்கரைப் பக்கத்து யானை எதையும் கணக்கெடுக்கிறதில்ல, அது வேற கதை.) பல தடவை இந்த வோட்டு நல்லா விழுந்த பிறகு, ஸ்ட்ரைக் தொடங்க ஒருநாள் இருக்கேக்க, இரவு ரெண்டு மணிக்கு மூண்டு மணிக்கு உடன்பாடு வந்துரும். 

மறுகா இன்னொரு விஷயம். மற்றப் பக்கம் இருக்கிற ஆக்கள், அதாவது பல்கலைக்கழகத்துட சட்டத்தரணிமார், அவங்க ஓம் எத்தின வீதம் எண்டு மட்டும் பார்க்கிறதில்ல, எத்தின பேர் வந்து போட்டாங்க எண்டுதான் முதல்ல பார்ப்பாங்களாம். யோசிச்சுப் பாருங்க, ஒரு யூனியன்ல ஆயிரம் பேர், வோட் போட்டது முன்னூறு பேர், அதுல இருநூத்தி எழுபது பேர் ஓம். பத்திரிகைல "90 வீதம் ஆதரவு" எண்டு வரும். மேசைக்கு அங்கால இருக்கிறவன் அந்த 90ஐ வாசிக்கமாட்டான், எழுநூறு பேர் வரவே இல்ல எண்டுதான் வாசிப்பான், ஸ்ட்ரைக் தொடங்கினா இவங்கள்ல எத்தின பேர் மூண்டாம் நாள் வகுப்புக்குள்ள வந்துருவாங்க எண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டுருவான். அதனாலதான் அவள் "எனக்கு இன்னும் முடிவில்ல சின்னம்மா, நான் போடாம விட்டுரட்டா" எண்டு கேட்டப்போ நான் சொன்னன், வேணாம் எண்டா வேணாம் எண்டே போடு, போடாம விட்டா நடுவில நிக்கிறன் எண்டு நீ நினைக்கிறாய், கணக்கில நீ அந்தப் பக்கம்தான் நிக்கிறாய் எண்டு.

பிரிட்டன்ல இத சட்டமாவே ஆக்கி வச்சாங்க. 2016ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துல, வாக்குள்ள ஆக்கள்ல பாதிப் பேராவது வோட் போட்டிருக்கோணும், இல்லாட்டி அத்தின பேரும் ஓம் போட்டாலும் செல்லாது எண்டு. அதுவும் அப்ப தபால்ல, வீட்டுக்கு வாற கவருக்குள்ள புள்ளடி போட்டு திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, லிங்க் கிங்க் ஒண்டும் இல்ல. அங்கத்தப் பல்கலைக்கழக ஊழியர்ட சங்கம் 2022ல நாடு முழுக்க ஒரே வாக்கா எடுத்து, 58 வீதம் பேர் அளவுல போட்டு, நவம்பர்ல 70 ஆயிரம் பேர் 150 பல்கலைக்கழகத்துல இறங்கினாங்க. அந்த வோட்டுல கிடைச்ச ஆணைக்கு அப்ப ஆறு மாசம்தான் ஆயுசு, பிறகு திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. 2023 கடைசில திரும்ப எடுத்தப்போ போட்ட ஆக்கள்ல கூடுதலான ஆக்கள் ஓம்தான், ஆனா வந்து போட்டது 43 வீதம் அளவு, அவ்வளவுதான், கதை முடிஞ்சு போச்சு. எதிர்த்து வோட் போட்ட ஆக்களால தோக்கல்ல, கவர மேசைல வச்சிட்டு மறந்த ஆக்களால தோத்தாங்க. அந்த மறந்த ஆக்கள எனக்கு நல்லாத் தெரியும், நானும் மின்சார பில்ல அப்பிடித்தான் வச்சிட்டு மறப்பன்.

இதெல்லாம் வாசிக்கேக்க எங்கட நிலைமைய யோசிச்சு ஒரு பக்கம் பொறாமை, ஒரு பக்கம் சிரிப்பு. எங்களுக்கு கொன்ட்ராக்ட் எண்டு ஒண்டு எங்க இருக்கு? எங்கட சம்பளம் சுற்றறிக்கைல வருது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எழுதும், திறைசேரி ஓம் சொல்லோணும், அதுக்கு மேல அமைச்சரவை. உபவேந்தர் தங்கமான மனிசனா இருந்தாலும் எனக்கு ஒரு ரூவா கூட்டித் தர அவருக்கு அதிகாரம் இல்ல. அதாலதான் வந்தாறுமூலையிலயும் ஒலுவில்லயும் பேராதனையிலயும் யாழ்ப்பாணத்துலயும் ஒரே நாள்ல பல்கலைக்கழகக் கேட்டுக்கு வெளிய நிப்பம், ஏனெண்டா பேசவேண்டிய ஆள் கொழும்புல. 2012ல விரிவுரையாளர்மார் மொத்த உள்நாட்டு உற்பத்தில 6 வீதம் கல்விக்கு வேணும் எண்டு மூண்டு மாசம் நிண்டு காலியில இருந்து கொழும்புக்கு நடந்தே போனாங்களே, அந்த 6 எண்ட இலக்கத்த அப்ப சுவர் சுவரா எழுதினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 மே மாசம் எங்கட கல்விசாரா ஆக்கள் தொடங்கினது ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு. ரெண்டுலயும் எதிர்ல இருந்தது ஒரு பல்கலைக்கழகம் இல்ல, அரசாங்கம். தனியார் துறைல எண்டா தொழிற்பிணக்குச் சட்டத்துக்கு 1999ல வந்த திருத்தத்துல ஒரு பிடி இருக்கு, வேலை செய்யுற ஆக்கள்ல 40 வீதம் பேர் ஒரு சங்கத்துல இருந்தா முதலாளி அந்தச் சங்கத்தோட பேசமாட்டன் எண்டு சொல்லேலா.

காசுக் கதைக்கு வாறன், ஏனெண்டா அக்காக்கு எப்பிடியோ தெரிஞ்சு (நான் சொல்லல்ல, சத்தியமா) அவ முதல்ல கேட்டது அதத்தான். "ஸ்ட்ரைக் செஞ்சா அவளுக்கு ஆருகா சோறு போடுற?" வட அமெரிக்க யூனியன்கள்ட்ட ஸ்ட்ரைக் நிதி எண்டு ஒண்டு இருக்கு. வருஷக்கணக்கா சந்தால சேர்த்து வச்சிருப்பாங்க, ஸ்ட்ரைக் நாள்ல வந்து மறியல்ல நிண்டு பேர் பதிஞ்சா கிழமைக்கு இவ்வளவு எண்டு குடுப்பாங்க. 2022ல கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஸ்ட்ரைக்ல கிழமைக்கு 400 டொலர். அது அங்க வாடகைக்கே காணாது, ஆனா ஒண்டும் இல்லாததுக்கு ஒண்டு. எங்கட ஸ்ட்ரைக் நிதி எண்டது சந்திக் கடைக்காரர்ட கொப்பி. அவர் எங்கட சம்பளத் திகதி தெரிஞ்ச மனிசன், ஸ்ட்ரைக் தொடங்கின கிழமைல அரிசி குடுப்பார், மூண்டாம் கிழமை "டீச்சர் எப்ப முடியுமாம்" எண்டு கேப்பார் (அவருக்கு பல்கலைக்கழகத்துல வேலை செய்யுற எல்லாரும் டீச்சர்தான்), அஞ்சாம் கிழமை ஒண்டும் கேக்கமாட்டார், அதுதான் பயம்.

காசை விட எனக்கு இண்டைக்கும் உறுத்துறது வேற. ஒரு ஸ்ட்ரைக் நேரம், எது எண்டு வேணாம், நாங்க கேட்டடியில மரத்துக்குக் கீழ இருக்கிறம். வாகரைப் பக்கம் இருந்து ஒரு பொடியன் வந்தான், முகம் எல்லாம் வேர்வை, விடிய பஸ் ஏறினவனாம். மூண்டு நாள்ல ஒரு இன்டர்வியூ, பெறுபேற்றுச் சான்றிதழ் வேணும். அந்தச் சான்றிதழ அடிச்சு பதிவாளர்ட கையெழுத்துக்கு அனுப்புற ஆள் நான். உள்ளுக்குப் போனா அரைமணித்தியால வேலை. போகல்ல. சங்கத்து ஆக்கள் சுத்திவர இருக்காங்க, அப்பிடி ஒருத்தருக்குச் செஞ்சா நாளைக்கு அம்பது பேர் வருவாங்க, ஸ்ட்ரைக் எண்டா ஸ்ட்ரைக்தான் எண்டு எல்லா ஞாயமும் எனக்குத் தெரியும், இப்பவும் அந்த ஞாயம் பிழை எண்டு சொல்லமாட்டன். அவன் ஒண்டும் சண்டை பிடிக்கல்ல, "எப்ப முடியும் மிஸ்" எண்டு மட்டும் கேட்டான். எனக்கு மறுமொழி தெரியல்ல. எப்ப முடியும் எண்டு தீர்மானிக்கிற கூட்டத்துல எனக்குக் கதிரை இல்ல.

அந்த ஸ்ட்ரைக் முடிஞ்ச விதம் இதுதான். ஒருநாள் இரவு ஒம்பது மணி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கன், வட்ஸ்அப் குறூப்ல ஒரு மெசேஜ், "போராட்டம் தற்காலிகமாக இடைநிறுத்தப்படுகிறது, அனைவரும் நாளை கடமைக்குச் சமூகமளிக்கவும்." கேட்டதுல என்ன கிடைச்ச, என்ன கிடைக்கல்ல, ஆர் ஓம் சொன்ன, ஒண்டும் இல்ல. கீழ முப்பது நாப்பது கும்பிடு இமோஜி. தொடங்குறதுக்கு மண்டபம் பிடிச்சு நோட்டிஸ் ஒட்டி கேக் குடுத்து எங்கட கையத் தூக்க வச்ச ஆக்கள், முடிக்கேக்க ஒரு சொல்லுக் கேக்கல்ல. அடுத்த நாள் காலம சீலையக் கட்டிக்கொண்டு போய்க் குந்தினன், மேசைல தூசி. அந்தப் பொடியன்ட சான்றிதழத்தான் முதல் அடிச்சன். அவன் வரல்ல.

இத நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறன் எண்டா, அவள் அனுப்பின பேப்பர்ல எனக்குக் கண் நிண்டது ஸ்ட்ரைக் வோட்டுல இல்ல, அதுக்குப் பிறகு வாற மற்ற வோட்டுல. அங்க பேச்சுவார்த்தைக் குழு பல்கலைக்கழகத்தோட கை குடுத்துட்டு வந்தாலும் அது தற்காலிக உடன்பாடுதான். அத முழுசா அங்கத்தவருக்கு அனுப்போணும், ஆக்கள் வாசிக்கோணும், திரும்ப ரகசியமா வோட் போடோணும், பாதிக்கு மேல ஓம் எண்டாத்தான் அது கொன்ட்ராக்ட். வேணாம் எண்டும் சொல்லலாம், சொல்லியும் இருக்காங்க. நியூயோர்க்ல கொலம்பியாப் பல்கலைக்கழகத்துல 2021 சித்திரைல மாணவ ஊழியர்ட குழு ஒரு உடன்பாட்டக் கொண்டுவந்து வச்சுது, அங்கத்தவர் 970 பேர் ஓம், 1,093 பேர் இல்ல. தங்கட குழு கொண்டு வந்ததையே தூக்கிப் போட்டுட்டாங்க! அந்தக் குழு போய் வேற ஆக்கள் வந்து, அந்த வருஷம் நவம்பர்ல திரும்ப இறங்கி பத்துக் கிழமை அளவு நிண்டு, 2022 தை மாசம் வந்த உடன்பாட்ட கிட்டத்தட்ட எல்லாரும் ஓம் எண்டு ஏற்றாங்க.

கலிபோர்னியாக் கதை மறுபக்கம். 2022ல 48 ஆயிரம் பேர், ஸ்ட்ரைக் வோட்டுல ஓம் 98 வீதம் அளவு, நவம்பர் 14 தொடங்கி சோதினைப் பேப்பர் திருத்துற காலத்தோட சரியா முட்ட வச்சு (இத வாசிச்சப்போ பரீட்சைக் கிளைக்காரியா எனக்கு வயிறு கலங்கிச்சு), டிசம்பர் 23 முடிஞ்சுது. முடிக்கிற வோட்டுல டி.ஏ.மார்ட சங்கத்துல ஓம் போட்டது 62 வீதம் அளவுதான். தொடங்கேக்க ஒண்டா நிண்ட ஆக்கள் முடிக்கேக்க ரெண்டாப் பிரிஞ்சு, காணாது எண்டு ஒரு பக்கம், இதுக்கு மேல இழுத்தா தாங்கேலா எண்டு ஒரு பக்கம். சில பேர் இத ஒரு தோல்வி மாதிரி எழுதியிருந்தாங்க. எனக்கு அப்பிடித் தோணல்ல. எங்கட அந்த ஸ்ட்ரைக் முடிஞ்சப்போவும் எங்களுக்குள்ள காணாது எண்ட ஆக்களும் இருந்தாங்க, காணும் எண்ட ஆக்களும் இருந்தாங்க, எத்தின பேர் எந்தப் பக்கம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா, அதால இண்டைக்கும் கன்டீன்ல அத வச்சுச் சண்டை பிடிக்கிறம்.

அதுக்காக அங்க எல்லாம் தேனும் பாலும் எண்டு நினைச்சிராதீங்க. ஒன்ராறியோச் சட்டத்துல முதலாளிக்கும் ஒரு வோட்டு இருக்கு, கள்ள வோட்டு எண்டு நான் சொல்லுவன். யூனியன் குழுவோட பேசி அலுத்துப் போனா, எங்கட கடைசி ஓஃபரை நேர அங்கத்தவர்ட்டயே வச்சு வோட் எடுங்க எண்டு பல்கலைக்கழகம் அமைச்சரக் கேக்கலாம், ஒரு தடவை மட்டும். குழுவத் தாண்டி ஆக்கள்ட்டப் போறது. டொரண்டோ யோர்க் பல்கலைக்கழகத்துல 2009லயும் 2018லயும் இப்பிடி எடுத்துப் பார்த்தாங்க, ரெண்டு தரமும் ஆக்கள் இல்ல எண்டுதான் போட்டாங்க. ஆனா கடைசில என்ன? ரெண்டு தரமும் மாகாண அரசாங்கம் வேலைக்குத் திரும்பச் சொல்லி சட்டம் கொண்டுவந்து முடிச்சு வச்சுது. 2018ல அது 143 நாள் ஓடின ஸ்ட்ரைக், மாசிப் பனி முடியத் தொடங்கினது ஆடி வெயில் வரைக்கும். ஆக்கள் போட்ட வோட்டுக்கு மேல ஒரு பாராளுமன்ற வோட்டு. அத்தியாவசிய சேவை எண்டு வர்த்தமானி அடிக்கிற நாட்டுல இருந்துகொண்டு இத வாசிக்கேக்க எனக்குப் புதுசா ஒண்டும் தெரியல்ல, அவளுக்குத்தான் அதிர்ச்சி, கனடாவுலயுமா எண்டு கேட்டாள்.

விசாக் கதைக்கு மறுமொழி அவள்ட யூனியனே சொல்லிச்சு, வெளிநாட்டு மாணவராயிருந்தாலும் சட்டப்படியான ஸ்ட்ரைக்ல நிக்கிற உரிமை எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு. அது காயிதத்துல. ஆனா பயம் காயிதம் வாசிச்சுப் போறதில்லையே. அவள்ட சுப்பவைசர் என்ன நினைப்பார், சிபாரிசுக் கடிதம் கேக்கேக்க முகம் மாறுமோ எண்டு அவள் ரெண்டு நாள் நித்திரை கொள்ளல்ல. அப்பதான் நான் அப்பாட கதையச் சொன்னன், பின்னால பேரெழுதிற ஆள்ட கதைய. "உன்ட வோட்ட ஒருத்தனும் எழுதேலா மகள், அது மட்டும்தான் உனக்கு இருக்கிற வசதி, எங்களுக்கு அது கூட இல்ல." அவள் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மப்பா இருந்தா என்ன போடச் சொல்லியிருப்பார்" எண்டாள். "போடச் சொல்லியிருக்கமாட்டார், முதல்ல யன்னலச் சாத்தச் சொல்லியிருப்பார்" எண்டன்.

அவள் போட்டாள். என்ன போட்டாள் எண்டு நான் கேக்கல்ல. வோட் நல்லா விழுந்துதாம், ஆக்களும் நல்லா வந்தாங்களாம், 17வது நாளுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க பல்கலைக்கழகம் முந்தி இல்லவே இல்ல எண்டு நிண்ட ரெண்டு மூண்டு விஷயத்துல இறங்கி வந்து, விடியச்சாமம் உடன்பாடு. பனிக்குள்ள நிக்கவேண்டி வரல்ல. அக்கா மாமாங்கேஸ்வரருக்கு நேத்தி வச்சிருந்தவவாம், அவர்தான் முடிச்சு வச்சவர் எண்டு சொல்லித் திரியுறா, நான் ஒண்டும் சொல்லல்ல.

போன கிழமை திரும்ப விடிய அஞ்சரைக்குப் போன், இந்தத் தரம் அக்காவும் எங்கட வீட்டுல, வெள்ளாமை வெட்டுக்கு ஆக்களுக்குச் சமைக்க வந்து நிண்டவ. "சின்னம்மா, அந்த உடன்பாட்டு பி.டி.எஃப் வந்திருக்கு, அறுவது பக்கம், மருத்துவக் கொடுப்பனவுப் பக்கம் எனக்கு விளங்குதில்ல, நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்களன், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வோட் போடோணும்" எண்டாள். அக்கா தேங்காய் திருவின கையோட வந்து போனுக்குள்ள எட்டிப்பார்த்து, "இன்னுமா? எத்தின தரம்கா இவளுகள் ஒரு விஷயத்துக்கு வோட் போடுவாளுகள்?" எண்டு கேட்டா. நான் கண்ணாடியத் தேடினன். முப்பத்தி ரெண்டாம் பக்கத்துல நிக்கிறன் இப்ப.